நர்ஸம்மா பதில்கள்: "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று யார் சொன்னது?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ராகம். "மனசு விட்டுப்போச்சு நர்ஸம்மா", "இனிமே என்ன இருக்கு", "எதை நம்புறது". கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க வாசல் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட அதே பேச்சு. சரி, இந்த இதழை இதற்கே ஒதுக்கிவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன், சம்மதித்தார். மூட்டுவலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முறை அடுத்த இதழில்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, லாரி டிரைவர். போன மாதம் டிபி என்று தெரிந்தது. அன்றிலிருந்து "என் கதை முடிஞ்சுது, பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்றே பேசுகிறார். மாத்திரையை ஒரு நாள் போடுகிறார், ஒரு நாள் தள்ளிவிடுகிறார். மாமியார், விபூதி போதும், மாத்திரை சூடு என்கிறார். சொந்தக்காரர்களிடம் மறைத்து வைத்திருக்கிறோம். அவருக்கு எப்படி நம்பிக்கை வரவைப்பது? (வாசகி, மன்னார்குடி)

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் பார்த்து வளர்ந்த சினிமாவை நானும் பார்த்திருக்கிறேன். கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம், அடுத்த காட்சியில் மாலை போட்ட போட்டோ. மருந்து வருவதற்கு முன்னால் நிஜத்திலும் அப்படித்தான் போனார்கள். இப்போது நிலைமை வேறு. மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரண டிபி என்றால் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, உடம்பு எடைக்குத் தகுந்த அளவில், தினமும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, லோடு ஏற்றப் போகிற நாள் எல்லாம் சேர்த்துத்தான் தினமும்.

அதனால் அவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசாதீர்கள். ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுங்கள். மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்றை அவர் படுக்கிற இடத்துக்கு எதிரே மாட்டுங்கள். மாத்திரை போட்டதும் அந்தக் கட்டத்தில் அவர் கையாலேயே ஒரு கோடு. கூடச் சேர்ந்து அழுவதைவிட இது பலன் தரும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அது மாத்திரையின் நிறம், அவ்வளவுதான். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் பாட்டில் பக்கமே போகக்கூடாது. கல்லீரல் இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

எங்களுக்கு உண்மையான பயம் எப்போது தெரியுமா? இரண்டாவது மாதக் கடைசியில். இருமல் அடங்கிவிடும், பசி எடுக்கும், கன்னத்தில் கொஞ்சம் சதை வைக்கும். "எனக்குச் சரியாயிடுச்சு நர்ஸம்மா" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். திரும்பி வரும்போது அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். மனம் உடைந்தவரும் நிறுத்துகிறார், குஷியானவரும் நிறுத்துகிறார். இரண்டு பேருமே முடிவு தனக்கு முன்னாடியே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான். உங்கள் வீட்டுக்காரர் "என் கதை முடிஞ்சுது" என்கிறாரே, அதை அவரிடம் சொன்னது யார்? டாக்டரும் சொல்லவில்லை, சளிப் பரிசோதனையும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை அவருக்குக் கதையாகச் சொல்லுங்கள். 1950-களில் டிபி என்றால் சானடோரியம் என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். ஆனால் நம் நாட்டில் நோயாளிகள் எத்தனை, படுக்கை எத்தனை? ஏழைக்கு வழியே இல்லை என்று கைவிரிக்க வேண்டிய கணக்கு அது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடித்தனம், சாப்பாடும் குறைச்சல், வேலைக்கும் போனார்கள். 1959-இல் முடிவு வந்தபோது குணமானதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. அதற்கப்புறம்தான் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் முறை உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி விழுங்குகிற மாத்திரைக்குப் பின்னால் நம்ம ஊர்க் குடிசைவாசிகள் இருக்கிறார்கள். டிபியைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் நிறையப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரோடு சண்டை போட வேண்டாம். காலையில் சாமி கும்பிட்டு மகன் நெற்றியில் விபூதி பூசட்டும். பூசின கையோடு மாத்திரையையும் அவரே எடுத்துக் கொடுக்கட்டும். அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு நாள் விட்டுப்போகாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் வீட்டில் இருக்கிற எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2024 நவம்பரிலிருந்து அந்தத் தொகை. வரவில்லை என்றால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. என் மச்சான் தினமும் காலை ஐந்து மணிக்கு சூரியகாந்திப் பூ படத்தோடு "இன்று உங்கள் நாள்", "நினைத்தது நடக்கும்" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். படிக்கப் படிக்க எரிச்சல் வருகிறது. நான் நெகட்டிவ் ஆளாக மாறிவிட்டேனா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. ஐந்து மணிக்கு எழுப்பினால் யாருக்கும் எரிச்சல் வரும். அடுத்த பூ வந்ததும் பதிலுக்கு உங்கள் பயோடேட்டாவை அனுப்புங்கள். "மச்சான், உங்க கம்பெனியில யார்கிட்டயாவது கொடுத்துப் பாருங்க" என்று ஒரு வரி போதும். ஒன்று வேலைக்கு வழி பிறக்கும், இல்லாவிட்டால் பூ நின்றுவிடும்.

கேள்வி: எனக்கு 64 வயது. கஜா புயலில் நாலு ஏக்கர் தென்னையும் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு மரம்தான் தப்பியது. கடன் வாங்கி 2019-இல் மறுபடி வைத்தேன். பாதி இப்போதுதான் பாளை விடுகிறது, மிச்சத்தை வண்டு குடைகிறது, மட்டை எல்லாம் வெள்ளை ஈ. திருப்பூரில் இருக்கும் மகன் "வித்துட்டு வந்துடுங்கப்பா, பிளாட் போடுறவங்க கேட்கிறாங்க" என்கிறான். அக்கம்பக்கத்தில் "இந்த வயசுல தென்னையா" என்று சிரிக்கிறார்கள். நம்பிக்கையோடு இருப்பது முட்டாள்தனமா நர்ஸம்மா? (வாசகர், பேராவூரணி வட்டம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "இது நான் எழுதினதா, அவர் எழுதினதா?" என்று கேட்டார். எங்கள் தோப்பும் அந்தப் பக்கம்தான்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய காற்று, நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மாவட்டம் மாவட்டமாக உருட்டிக்கொண்டு போனது. விடிந்து வெளியே வந்தால் தோப்புக்குள் வெயில் அடித்தது. அதுவரை தோப்புக்குள் அப்படி வெயில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. மரங்கள் அத்தனையும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அரசு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. கணக்கெடுக்க வருகிறவரைக்கும் மரத்தை அசைக்கக்கூடாது என்று யாரோ கிளப்பிவிட, விழுந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு முழுக்க ஒன்றுதான்: நம்ம ஆயுசுக்கு இனிமே தென்னை கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மட்டும் உட்காரவில்லை. அவர் தோப்பில் விழாமல் நின்ற மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ஆளைக் கூப்பிட்டு, நின்ற மரத்தில் இருந்து மட்டும் முற்றிய நெற்றாகப் பறிக்கச் சொல்லி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மணலில் பாத்தி கட்டி வரிசையாகப் பதித்தார். "இந்தக் காத்துக்கே நின்னிருக்குன்னா அதுக்கு அடியில என்னமோ இருக்கு" என்பது அவர் கணக்கு. தோட்டக்கலைக்காரர்கள் தாய்மரம் தேர்ந்தெடுக்க இன்னும் சில கணக்குச் சொல்வார்கள், வருஷம் நூறு காய்க்கு மேல் பிடிக்க வேண்டும், மட்டை நெருக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம். அவர் அதையும் பார்த்துத்தான் பறித்தார். ஊரே சிரித்தது. கரண்ட் வரவில்லை, குடிக்கத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம், இவர் நாற்று விடுகிறார் என்று. எப்படி ஐயா இந்தத் தைரியம் என்று ஒருமுறை கேட்டேன். "தைரியமெல்லாம் இல்ல நர்ஸம்மா, சும்மா உட்காரக் கை வரல" என்றார். மறு வருஷம் கன்று தேடி அலைந்தவர்களில் பாதிப் பேர் அவர் வாசலில்தான் போய் நின்றார்கள். அந்தக் கன்றுகளில் கொஞ்சம் வண்டுக்குப் போனது, கொஞ்சம் மாடு கடித்துப் போனது. மீதி நிற்கிறது.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், பராமரிப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளும். 2019-இல் வைத்த மரத்தில் பாதி இப்போது பாளை விடுகிறது என்றால் அது தோல்விக் கணக்கு இல்லை ஐயா, நேரத்துக்குத்தான் நடக்கிறது. வண்டு வந்ததற்கும் காரணம் இருக்கிறது. புயலில் விழுந்த மரத்தை மட்க விட்ட இடத்திலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். இன்னும் பழைய அடிமரம் கிடந்தால் அகற்றுங்கள், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிப் போடுங்கள். குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள். விரித்த மட்டையில் விசிறி மாதிரி வெட்டு தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு வரும், அது மரத்தையே கொன்றுவிடும். வெள்ளை ஈக்குக் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள். அதைத் தின்கிற நல்ல பூச்சியும் சேர்ந்து செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, மட்டையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மீதிக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் இருக்கிறது. ஊசி போட்டவளிடம் இதற்கு மேல் கேட்காதீர்கள்.

மகன் சொல்வதையும் நான் தள்ளமாட்டேன். நிலத்தை விற்பது பாவமில்லை. ஆனால் மனம் உடைந்திருக்கிற மாதத்தில் விற்காதீர்கள். விலை பேச வருகிறவன் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பான். மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி மகன் கையில் கொடுங்கள்: கடன் பாக்கி எவ்வளவு, பாளை விட்ட மரம் எத்தனை, வண்டுக்குப் போனது எத்தனை. தோப்புக்குள் நடந்து, ஒவ்வொரு மரமாகக் கைவைத்து எண்ணி எழுத வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து எழுதினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மகன் மறுபடியும் விற்கலாம் என்றால், அது யோசித்துச் சொன்னது. அப்போது கேளுங்கள்.

இன்னொன்று. 2025 பருவத்துக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த வருஷம் வெளிச்சந்தை அதைத் தாண்டி எங்கேயோ போனது. கஜா முடிந்த அந்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து "தென்னை இனிமே அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொன்ன யாருக்கும் இது தெரியாது. நாளைக்கு விலை விழலாம். அதுவும் யாருக்கும் தெரியாது. பனை வைத்தவன் பார்த்துட்டுப் போவான், தென்னை வைத்தவன் தின்னுட்டுப் போவான் என்பார்கள். உங்களுக்கு 64 தானே ஆகிறது. சிரிக்கிறவர்களுக்கு அடுத்த பொங்கலுக்கு ரெண்டு இளநீர் வெட்டிக் கொடுங்கள்.

கேள்வி: குரூப்-4 தேர்வைத் தொடர்ந்து எழுதிவருகிறேன். வயது 29. ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் போகிறது. விடாமுயற்சி வெற்றி தரும் என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். வீட்டில் போதும் என்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: தம்பி, ஃபீஸ் வாங்குகிறவர் விடாமுயற்சி என்றுதான் சொல்வார். 2024 குரூப்-4-க்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்தைச் சுற்றி. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. கிடைக்காமல் போனதற்கு உங்கள் குறை மட்டுமே காரணம் என்று ராத்திரி படுத்துக்கொண்டு உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக.

எழுதுங்கள். ஆனால் கடைசித் தேர்வு எது என்று இப்போதே முடிவு செய்து, அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை பகலில் பாதி நேரமாவது ஏதாவது வேலைக்குப் போங்கள். மாதம் ஐயாயிரம் கையில் வந்தாலும் வீட்டில் பேச்சு மாறும், உங்கள் முதுகும் நிமிரும். கொஞ்சத்தில் போகிறது என்றால் எந்தப் பகுதியில் போகிறது என்று பாருங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் விட்டுவிட்டு பொது அறிவில் புரட்டிக்கொண்டிருந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது. தேதி வைத்துவிட்டு முயற்சி செய்வதற்கு நம்பிக்கைக் குறைவு என்று பெயரில்லை.

கேள்வி: நான் பகுத்தறிவாளன். நீங்கள் ஊசி, மருந்து என்று விஞ்ஞானம் பேசுகிறீர்கள், இடையில் விபூதியும் வருகிறது. கஷ்ட காலத்தில் சாமியை நம்புவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதுதானே? நம்பாத எனக்குப் பிடிமானம் எது? (வாசகர், கடலூர்)

பதில்: கடலூர்க்காரர் கேட்டதால் கடலூர்க் கதையே சொல்கிறேன். நீங்கள் நம்பவே வேண்டாம், கதையாக மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஊரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம் இருக்கிறதே, கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் அங்கேதான் கரையேறினார் என்பார்கள். எல்லோரும் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அப்பரைவிட அவர் அக்கா திலகவதியாரைப் பிடிக்கும். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த பெண். அப்பா போனார், பின்னாலேயே அம்மா போனார். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் செத்தார் என்று சேதி வருகிறது. அந்தப் பெண்ணும் உயிரை விட முடிவு செய்துவிட்டாள். தம்பி காலில் விழுந்து அழுகிறான்: நீயும் போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று. அவள் நின்றுவிட்டாள். சேக்கிழார் அதற்குச் சொல்கிற காரணம், "தம்பியார் உளராக வேண்டும்". தம்பி இருக்க வேண்டும், அதனால் இவள் இருக்க வேண்டும்.

கவனியுங்கள், அந்த நேரத்தில் அவளிடம் நல்லது நடக்கும் என்கிற எண்ணமே இல்லை. எந்தச் சாமியும் கனவில் வந்து உறுதி சொல்லவில்லை. ஒரு பையனுக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்பது மட்டும்தான். அந்தப் பையன் வளர்ந்து, அக்காவை விட்டு, வேறு சமயத்துக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான். அவள் திருவதிகையில் கோயில் வாசலைக் கூட்டி, சாணம் போட்டு மெழுகி, பூப் பறித்துக்கொண்டு இருந்தாள். வருஷங்கள் போய், தாங்க முடியாத வயிற்றுவலியோடு ஒரு ராத்திரி தம்பி கதவைத் தட்டுகிறான். விடிவதற்கு முன்னால், வழக்கமாகக் கோயிலுக்கு எடுத்துப் போகிற அதே துடைப்பம், சாணம், தண்ணீர்த் தோண்டியோடு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். தம்பி வந்துவிட்டான் என்று அன்றைக்குத் துடைப்பத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை பாருங்கள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்களுக்குச் சாமி வேண்டாம் என்றால் வேண்டாம். யாருக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்று பாருங்கள். அம்மா, மாணவன், வாசலில் வாலாட்டுகிற நாய், யாராவது இருப்பார்கள். ராத்திரி டியூட்டியில் நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டேதான் பிரசவம் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸுக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. இரண்டு பேருமே கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

கேள்வி: என் ஒரே மகன் சாலை விபத்தில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வருகிறவர்கள் எல்லாம் "மனசைத் தேத்திக்கோ, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்களா? (ஒரு தாய், திருவாரூர்)

பதில்: சொல்லமாட்டேன் அம்மா. பிள்ளையைப் பறிகொடுத்ததில் என்ன நல்லது? அப்படிச் சொல்கிறவர்களுக்கு வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை, போகட்டும். நீங்கள் இப்போது நம்பிக்கையாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அழுகை வந்தால் அழுங்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசத் தோன்றினால் பேசுங்கள், பேச்சை மாற்றுகிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

நான் கேட்பது இரண்டே விஷயம். வேளைக்குக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள், கஞ்சியானாலும் சரி. பிரஷர், சுகர் மாத்திரை இருந்தால் விட்டுவிடாதீர்கள். ராத்திரியில் நானும் போய்விடலாம் என்று தோன்றினால் தனியாகப் படுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், அல்லது 14416, 104 என்கிற உதவி எண்கள் இரண்டில் எதற்காவது போன் போடுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் முகவரி இருந்தது. நானே வந்து பார்க்கலாமா என்று தனியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்குச் சரி என்றால் மட்டும்.

கேள்வி: ரெண்டு வருஷம் பொறுத்தால் ராஜயோகம் என்று ஜோசியர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: அந்த ரெண்டு வருஷமும் என்ன வேலை செய்யச் சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால் தட்சணையில் பாதியைத் திருப்பிக் கேளுங்கள்.